கை படாமலே திறந்த பூட்டு!

செல்போன் மேஜைமேல் கிடக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. முன்பின் தெரியாதவர் அனுப்பிய செய்தி எதையும் திறக்கவும் இல்லை. ஆனாலும் அடுத்த அறையில் இருக்கும் ஓர் ஆசாமி அதற்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் போட்டோவை எடுத்துக்கொள்கிறான். சொந்தக்காரருக்கு ஒன்றுமே தெரியாது!

மர்மக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். விலை உயர்ந்த "ஐபோன் 11 புரோ"வில் செய்து காட்டப்பட்ட சோதனை இது. செய்தவர் இயான் பீர். கூகுள் கம்பெனியின் "பிராஜக்ட் ஜீரோ" குழுவைச் சேர்ந்தவர். போன்களிலும் கம்ப்யூட்டர்களிலும் உள்ள ஓட்டைகளைத் தேடிப்பிடித்து, தயாரித்தவர்களுக்கே சொல்லுவது அந்தக் குழுவின் வேலை. 2020 டிசம்பர் 1-ந் தேதி தமது சோதனையின் விவரம் முழுவதையும் அவர் வெளியிட்டார்.

பத்துப் பேருக்குத்தான் இடம்

ஐபோனில் "ஏர்டிராப்" என்று ஒரு வசதி உண்டு. பக்கத்தில் இருப்பவருக்குப் படம் அனுப்ப இன்டர்நெட் தேவையில்லை. இரண்டு போன்களும் ரேடியோ அலை மூலம் நேராகவே பேசிக்கொள்ளும். அப்படிப் பேசும்போது மற்றப் போன்களின் முகவரிகளும் வந்து சேரும்.

அவற்றைக் குறித்துக்கொள்ளப் போனின் நினைவகத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு முகவரிக்கு 6 பைட். பத்து முகவரிக்கு 60 பைட். பத்துக்கு மேல் வந்தால்? "போதும், நிறுத்து" என்று தடுக்க அங்கே ஆள் இல்லை! வந்ததையெல்லாம் போன் எழுதிக்கொண்டே போயிற்று.

ஒரு படி அரிசி பிடிக்கும் பாத்திரத்தில் மூன்று படி கொட்டினால் மீதி தரையில் சிந்தும். போனின் நினைவகத்திலோ அப்படிச் சும்மா கிடக்கும் தரை இல்லை. சிந்தியது அடுத்த பாத்திரத்தில் விழும். அங்கே போன் தன் வேலைக்காக எழுதி வைத்திருந்த குறிப்பு அழிந்து, அந்நியன் எழுதியது அதன்மேல் உட்கார்ந்துவிடும். பிறகு அதையே தன் குறிப்பு என்று நம்பிப் போன் வேலை செய்யும்.

இந்த ஓட்டை இருந்த இடம், போனின் எல்லாக் காரியங்களையும் நடத்தும் "கெர்னல்". அங்கே கை வைத்தவனுக்கு உள்ளே பூட்டிய அறை என்று எதுவும் இல்லை!

படுக்கை அறையில் ஆறு மாதம்

இயான் பீருக்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இருக்கவில்லை. அது கொரோனா ஊரடங்குக் காலம். வீட்டில் படுக்கை அறையின் ஒரு மூலையில், குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவே, ஆறு மாதம் தனியாக உழைத்தார். "ராஸ்ப்பெர்ரி பை" என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரும், கடையில் வாங்கக்கூடிய வைபை கருவிகளுமே அவருடைய தளவாடங்கள். தூங்கிக் கிடக்கும் ஏர்டிராப் அலையைத் தட்டி எழுப்பவும் வழி கண்டார். 26 ஐபோன்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அணைந்து எழ வைத்தார்!

நல்ல வேளை, வந்தவர் காவல்காரர். ஆப்பிள் கம்பெனிக்கு முதலில் தகவல் கொடுத்தார். 2020 மே மாதத்துக்குள் ஓட்டை அடைபட்டுவிட்டது. எவரும் இந்த வழியில் திருடியதாகத் தமக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் எழுதினார். ஆனால், "என் போனுக்காக எவன் ஆறு மாதம் மெனக்கெடப் போகிறான்?" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது என்பது அவர் எச்சரிக்கை. தனி ஆளால் இது முடியுமானால், பணமும் ஆள் பலமும் உள்ள கூட்டத்தால் என்னதான் முடியாது?

பழைய வியாதி

இந்த வியாதி புதிதல்ல. 1988 நவம்பரில் ராபர்ட் மாரிஸ் என்ற அமெரிக்க மாணவர் ஏவிவிட்ட "புழு" ஏராளமான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, 512 பைட் இடத்தில் 536 பைட்டைத் திணித்தது!

காரணம் என்ன? சி, சி++ என்ற கம்ப்யூட்டர் மொழிகளில், இடத்தை அளந்து பார்க்கும் பொறுப்பு எழுதுபவருடையது. ஆயிரம் இடத்தில் அளந்தவர் ஓர் இடத்தில் மறந்தால் போதும். "ரஸ்ட்" போன்ற புதிய மொழிகளில் அந்தக் காவல் மொழியிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளை இப்படிப்பட்ட மொழிகளில் எழுதத் தொடங்கினார்கள். பலன் என்ன தெரியுமா? அதில் காணப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகக் கோளாறுகள் 2019-ல் நூற்றுக்கு 76. 2024-ல் நூற்றுக்கு 24!

நம் கையில் இருப்பது

முன்பின் தெரியாத செய்தியைத் திறக்காமல் இருப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் எதையும் திறக்காமலே நுழைபவனை அது தடுக்காது. கம்பெனி அனுப்பும் திருத்தம்தான் அவனுக்குத் தாழ்ப்பாள். "அப்டேட் தயார்" என்று போன் சொன்னால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அன்று இரவே போட்டுவிடுங்கள்.

புதுப் போன் வாங்கியதும் பழையதை அம்மாவுக்கோ பிள்ளைக்கோ கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். கொடுக்குமுன், அந்தப் போனுக்குக் கம்பெனி இன்னும் திருத்தம் அனுப்புகிறதா என்று விசாரியுங்கள். அனுப்பவில்லையென்றால், பாங்கு விவகாரத்தை அதில் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.