சூரியப் புயல் வந்தால் போனை ஆஃப் செய்ய வேண்டுமா?

"இன்று இரவு சூரியப் புயல் தாக்குகிறது, போனை ஆஃப் செய்துவிட்டுத் தூங்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கலாம். நம்ப வேண்டாம். பூமியின் காந்தப்புலமும் வளிமண்டலமும் உங்களையும் உங்கள் போனையும் காப்பாற்றிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

சூரியப் புயல் என்றால் என்ன?

சூரியனின் காந்தப்புலம் முறுக்கேறி வெடிக்கும்போது இரண்டு விஷயங்கள் நடக்கலாம். எக்ஸ் கதிர்கள் எட்டே நிமிடத்தில் நம்மை எட்டும். மின்னூட்டம் கொண்ட பிளாஸ்மா மேகம் வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். 2024 மே மாதம் வந்த புயல், சுமார் 20 ஆண்டுகளில் மிக வலுவானது. லடாக்கின் ஹான்லேவில்கூட வானம் சிவந்தது.

எதைப் பாதிக்கும்?

மின்சாரம்: 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருளில் தவித்தார்கள்.

செயற்கைக்கோள்: புயலில் மேல் வளிமண்டலம் சூடாகி விரியும், உராய்வு கூடும். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 இப்படித்தான் விழுந்தன.

ஜிபிஎஸ்: சிக்னல் கடந்து வரும் அயனி மண்டலம் கலங்கினால், இருப்பிடம் தள்ளிக் காட்டும். 2024 மே புயலில் அமெரிக்க விவசாயிகள் பலர், ஜிபிஎஸ் துணையோடு ஓடும் டிராக்டர்களை நிறுத்த வேண்டியதாயிற்று.

இந்தியாவுக்கு ஆபத்து உண்டா?

கியூபெக் போன்ற மின்தடை அபாயம் துருவங்களுக்கு அருகில்தான் அதிகம். நமக்குக் குறைவு. ஆனால் ஜிபிஎஸ் விஷயத்தில் கதையே வேறு. காந்த நிலநடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்வதால், நம் தலைக்கு மேல் அயனி மண்டலம் சாதாரண நாளிலேயே கொந்தளிப்பானது. மேப் சில மீட்டர் தள்ளிக் காட்டினால் நீங்கள் சமாளித்துவிடலாம்; தரையிறங்கும் விமானத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

முன்கூட்டியே தெரியுமா?

வெடிப்பு நடந்தது உடனே தெரிந்துவிடும். ஆனால் வரும் மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் அடி பலமாக விழும். அதன் திசையோ, 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கும் ஆதித்யா எல்1 போன்ற விண்கலங்களை மேகம் கடக்கும்போதுதான் உறுதியாகும். அதன்பின் கிடைப்பது அதிகபட்சம் சுமார் ஒரு மணி நேரம்தான்.

அதற்குள் மின்தொகுப்பையும் செயற்கைக்கோள்களையும் பாதுகாக்க வேண்டியது அவற்றை இயக்குபவர்களின் வேலை. நீங்கள் போனை ஆஃப் செய்வதால் எதுவும் மாறப்போவதில்லை.