விண்வெளிச் சூழலில் நோய் விளைவிக்கும் பாக்டீரியாக்கள்

விண்கலங்களிலும் விண்வெளி நிலையங்களிலும் மனிதருடன் பாக்டீரியாக்களும் வாழ்கின்றன. அவற்றுள் நோய் விளைவிக்கக்கூடியவை அச்சூழலில் அடையும் மாற்றங்கள் நுண்ணுயிரியலில் ஆராயப்படுகின்றன. நீண்ட பயணங்களில் விண்வெளி வீரர்களின் நோய் எதிர்ப்பாற்றல் குன்றுவதாலும், மருத்துவ வசதி குறைவு என்பதாலும் இவ்வாய்வு முக்கியத்துவம் பெறுகிறது.

நுண் ஈர்ப்பின் விளைவு

2006 செப்டம்பரில் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் சால்மோனெல்லா டைபிமுரியம் என்னும் பாக்டீரியா வளர்க்கப்பட்டது. புவிக்குத் திரும்பியபின் எலிகளுக்குச் செலுத்தப்பட்டபோது, புவியில் வளர்ந்தவற்றைவிட இவை கடுமையான நோயை உண்டாக்கின. 167 மரபணுக்களின் செயற்பாடு மாறியிருந்தது. அவற்றுட் பலவற்றை எச்எஃப்கியூ என்னும் புரதம் கட்டுப்படுத்துகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் செரில் நிக்கர்சன் குழுவினர் இம்முடிவுகளை 2007 இல் வெளியிட்டனர்.

நுண் ஈர்ப்பில் உயிரணுவின் மேற்பரப்பை உரசிச் செல்லும் நீர்மத்தின் விசை மிகக் குறைவு. குடற்சுவரின் மடிப்புகளிலும் இதனையொத்த நிலையே உள்ளது. எனவே பாக்டீரியா, தான் உடலினுள் இருப்பது போலவே செயற்படுகிறது எனக் கருதப்படுகிறது. 2008 இல் என்டெவர் விண்ணோடத்தில் நடந்த சோதனையில், வளர்ப்பு ஊடகத்தில் பாஸ்பேட்டு முதலிய அயனிகளைக் கூட்டியபோது இவ்வீரியம் மிகவில்லை.

சென்னை ஆய்வு

என்டெரோபாக்டர் புகாண்டென்சிஸ் என்பது தான்சானியாவில் பச்சிளங் குழந்தைகளின் குருதியிலிருந்து பிரிக்கப்பட்டு, 2016 இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட பாக்டீரியா ஆகும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் கிடைத்த இதன் 13 திரிபுகளைச் சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகமும் நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வகமும் இணைந்து ஆராய்ந்தன. கார்த்திக் இராமன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கஸ்தூரி வெங்கடேஸ்வரன் ஆகியோர் பங்கேற்ற இவ்வாய்வு 2024 இல் வெளியானது. இத்திரிபுகள் பல மருந்துகளை எதிர்ப்பவை. புவியிலுள்ள உறவினத் திரிபுகளிலிருந்து மரபணு அளவில் வேறுபட்டவை. நிலையத்தில் பிற நுண்ணுயிர்கள் பிழைத்திருக்கவும் இவை உதவக்கூடும் என அறியப்பட்டது.

மாற்றமும் தீங்கும்

மாற்றம் அனைத்தும் தீங்காகாது. நிலையத்தில் கிடைத்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பேசில்லஸ் செரியஸ் ஆகியவற்றின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2019 இல் வெளியான ஆய்வு, அவற்றின் மாற்றங்கள் பிழைத்திருப்பதற்கான தகவமைப்புகளே என்றும், நோயாக்கும் திறன் கூடியதற்குச் சான்றில்லை என்றும் கூறியது. ஆகவே ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே ஆராய வேண்டியுள்ளது. இவ்வறிவு, மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற மூடிய சூழல்களில் தொற்றைத் தடுக்கவும் உதவும்.