இதய ஆய்வுக்கு இளம் தலைவர்கள்: பதவியோடு காலமும் கொடுங்கள்

உலகில் மிக அதிக உயிர்களைப் பறிப்பவை இதய, ரத்தநாள நோய்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ல் மட்டும் சுமார் 1.8 கோடிப் பேர் இவற்றால் இறந்தனர். இந்த நோய்களை ஆராயும் நிறுவனங்கள் பல நாடுகளிலும் இளம் ஆய்வுக்குழுத் தலைவர்களைத் தேடுகின்றன. முனைவர் பட்டம் முடித்து, மூத்தவர் ஒருவரின் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் போஸ்ட்டாக் பணி செய்தவர், முதல்முறையாகத் தன் கேள்வியை, தன் நிதியில், தான் தேர்ந்தெடுத்த மாணவர்களோடு ஆராயும் கட்டம் இது. நல்ல சம்பளமும் புதுக் கருவிகளும் கொடுத்தால் திறமையானவர்கள் வந்துவிடுவார்கள் என்று பல நிறுவனங்கள் நம்புகின்றன. வரக்கூடும். ஆனால் அவர்கள் சாதிப்பதற்குப் போதிய காலமும், நோயாளிகளை அணுகும் வழியும், அதன்பின் என்ன என்ற தெளிவும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பணிநியமனம் பாதி வேலைதான்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகர மருத்துவக் கல்லூரி ஒன்றின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அங்கு மருத்துவத் துறைத் தலைவராக இருந்த டொனால்ட் செல்டின், மாணவராக இருந்த ஜோசப் கோல்ட்ஸ்டீனிடம், மரபியல் கற்றுத் திரும்பி வந்தால் அத்துறையை இங்கே தொடங்கலாம் என்று முன்கூட்டியே வாக்களித்தார். கோல்ட்ஸ்டீன் 1972ல் திரும்பினார். அவருடைய நண்பர் மைக்கேல் பிரவுன் அதற்கு முந்தைய ஆண்டே அங்கு சேர்ந்திருந்தார். இருவரும் முப்பது வயதை ஒட்டியவர்கள். பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிகுந்து, சிறுவயதிலேயே மாரடைப்புக்கு ஆளாகும் நோயாளிகளின் தோல் செல்களை அவர்கள் வளர்த்தனர். சாதாரண செல்களுக்கு, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகளான எல்டிஎல்லைக் கொடுத்தால், கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதியின் செயல்பாடு அடங்கிவிடும். நோயாளிகளின் செல்களில் அது அடங்கவே இல்லை. எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி அவற்றில் பழுதாகியிருந்தது. 1985ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாட்டின் மாத்திரைகள் எல்டிஎல்லை எப்படிக் குறைக்கின்றன என்பதை நாம் புரிந்துகொண்டதும் அந்த ஏற்பியின் வழியாகத்தான். செல்டின் செய்தது எளிமையானது: ஆளைத் தேர்ந்தெடுத்தார், துறையைக் கொடுத்தார், காத்திருந்தார்.

காத்திருப்பு இதய ஆய்வில் தவிர்க்க முடியாதது. நோயாளியின் தோல் அல்லது ரத்த செல்களை ஸ்டெம் செல்களாக்கி, அவற்றை இதயத் தசை செல்களாக வளர்த்தால், ஏறக்குறைய பத்து நாட்களில் ஆய்வகத் தட்டிலேயே துடிக்கத் தொடங்கும். ஆனால் அவை கருவிலுள்ள சிசுவின் இதய செல்களைப் போல முதிராதவை. ஐம்பது வயதுக்காரரின் இதயத்தைப் பற்றி அவை சொல்வதை விலங்குகளிலும் நோயாளிகளின் திசுக்களிலும் சரிபார்த்த பிறகே நம்பலாம். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். மனிதர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு இன்னும் மெதுவானது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகர மக்களைத் தொடர்ந்த இதய ஆய்வு 1948ல் தொடங்கி 5,209 பேரைச் சேர்த்தது. உயர் ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் இதய நோயின் ஆபத்துக் காரணிகள் என அது விரிவாக எழுதியது 1961ல். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வருபவர் இத்தகைய கேள்வியைத் தொடவே மாட்டார். சீக்கிரம் கட்டுரையாகக்கூடிய சிறு கேள்வியையே எடுப்பார்.

இளம் தலைவர்களுக்குக் காலம் வேண்டும் என்பதை ஐரோப்பாவில் ஓரளவு உணர்ந்திருக்கிறார்கள். இளம் ஆய்வுக்குழுத் தலைவர்களுக்கான ஜெர்மனியின் எம்மி நோதர் திட்டம் ஆறு ஆண்டுகள் நிதி தருகிறது. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் தொடக்க நல்கை ஐந்தாண்டுகளுக்கு 15 லட்சம் யூரோ வரை. ஆனால் அதே ஜெர்மனியில், முனைவர் பட்டத்துக்குப் பின் தற்காலிகப் பணிக்குச் சட்டம் பொதுவாக ஆறு ஆண்டுகளையும், மருத்துவத் துறைக்கு ஒன்பது ஆண்டுகளையும் உச்சவரம்பாக வைத்திருக்கிறது. நிரந்தரப் பதவிகளோ குறைவு. குழு முதிர்ந்து பலன் தரும் நேரத்தில் தலைவர் வேறு வேலை தேட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் சிக்கல் வேறு: முனைவர் பட்டம் பெற்றவர்கள் தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெரிய நல்கையைப் பெறும் சராசரி வயது 1980ல் சுமார் 36, 2000களுக்குள் அது 42ஐ எட்டிவிட்டது.

அனுபவமில்லாதவரிடம் பொதுப்பணத்தைக் கொடுப்பது ஆபத்தல்லவா என்று கேட்கலாம். சில குழுக்கள் தோற்கும் என்பது உண்மைதான். ஆனால் மூத்தவர்களின் திட்டங்களும் தோற்கின்றன; அவற்றின் செலவு பல மடங்கு. நிரந்தர உறுதி சோம்பலை வளர்க்கும் என்பது இன்னொரு வாதம். நான் கேட்பது நிபந்தனையற்ற நிரந்தரம் அல்ல. ஐந்தாம் ஆண்டில் வெளி நிபுணர்கள் மதிப்பிட்டு, தேறினால் பதவி, தேறாவிட்டால் மரியாதையான விடைபெறல் என்று முதல் நாளே எழுதித் தருவது போதும். ஹைடெல்பெர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் பெரும்பாலான குழுத் தலைவர்களை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. அது முன்பே தெரிந்த விதி என்பதால் இளைஞர்கள் தயங்காமல் சேர்கிறார்கள்.

இந்தியாவுக்கு இது அவசரமான விஷயம். இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் இத்துணைக்கண்டத்தில் ஏறத்தாழ நூற்றில் நான்கு பேருக்கு இருப்பதையும், அது இதயச் செயலிழப்பு அபாயத்தைக் கூட்டுவதையும் 2009ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதில் மதுரை, ஹைதராபாத் ஆய்வாளர்கள் பங்கேற்றனர். நம்மிடம் உள்ள இத்தகைய கேள்விகளை நாமே கேட்காவிட்டால் வேறு யாரும் முதலில் கேட்கப்போவதில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கான ராமலிங்கசுவாமி நல்கை ஐந்தாண்டு ஆதரவு தருகிறது. ஆனால் நிரந்தரப் பதவி அதோடு தானாக வருவதில்லை. ஆகவே ஆய்வு நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த விளம்பரத்தில் எத்தனை ஆண்டுகள், எப்போது மதிப்பீடு, எந்தப் பதவி காத்திருக்கிறது, எந்த மருத்துவமனையின் நோயாளிகளோடு பணியாற்றலாம் என்ற நான்கையும் அச்சிடுங்கள்.