லென்ஸைக் கழற்றிய பிறகும் கண் சிவந்தே இருக்கிறதா?

கிள்ளான் – திருமணம், தீபாவளி என்று வந்துவிட்டால் ஜாலான் தெங்கு கிளானாவில் சேலைக்கேற்ற வளையல் தேடுவதோடு, கண்ணின் நிறத்தையும் மாற்றிப் பார்க்கும் ஆசை இளையோருக்கு உண்டு. சாம்பல், பழுப்பு நிற கான்டேக்ட் லென்ஸ் அணிந்து படமெடுத்து முடித்ததும் கண் சிவந்திருக்கும். அது எப்போது சாதாரணம், எப்போது ஆபத்து?

லென்ஸைக் கழற்றிய சில மணி நேரத்தில் சிவப்பு மறைந்தால் பெரும்பாலும் வறட்சிதான் காரணம். மறுநாளும் நீடித்தாலோ, வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், மங்கல், பீளை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலோ, அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. பிராணவாயுவை அது காற்றிலிருந்தே பெறுகிறது. லென்ஸோடு தூங்கினால் அந்த வழி அடைபட்டு, நுண்ணிய கீறல்களில் கிருமி புகும். சில கிருமிகள் ஓரிரு நாளிலேயே கருவிழியை அரித்துவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2005 மார்ச் முதல் 2006 மே வரை சிங்கப்பூரில் லென்ஸ் அணிந்த 66 பேருக்கு ஃபுசேரியம் என்ற பூஞ்சை கண்ணில் தொற்றியது. ஐவருக்கு அவசரமாகக் கருவிழி மாற்று அறுவை செய்ய நேர்ந்தது. பலர் பயன்படுத்திய 'ரீநியூ மாய்ஸ்சர்லாக்' என்ற லென்ஸ் திரவத்தை பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம் 2006 மே 15-ஆம் தேதி உலகம் முழுவதும் மீட்டுக்கொண்டது. ஆனால் திரவம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நோயாளிகளில் பெரும்பாலோர் லென்ஸோடு தூங்கியது, காலாவதியான லென்ஸை அணிந்தது போன்ற பழக்கங்களை ஒப்புக்கொண்டனர்.

ஃபுசேரியம் மண்ணிலும் செடியிலும் வாழ்வது. தோட்டத்தில் வேலை செய்பவர் கண்ணில் ஓலையோ இலையோ கீறினாலும் இதே பூஞ்சை தொற்றக்கூடும். லென்ஸ் அணியாதவர்களும் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

சிவந்த கண்ணுக்குத் தாய்ப்பால் விடுவது, பன்னீர் விடுவது, அக்காவுக்குக் கொடுத்த சொட்டு மருந்தில் மிச்சத்தை விடுவது எல்லாம் நம் வீடுகளில் நடப்பதுதான். இதில் மிச்ச மருந்துதான் மிகவும் மோசம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்ததுபோல் தெரியும், உள்ளே பூஞ்சை வளரும்.

லென்ஸையும் டப்பாவையும் திரவப் புட்டியையும் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். அவற்றைச் சோதித்து எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கலாம். கிள்ளான்வாசிகளுக்கு தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் கண் பிரிவு உள்ளது. இரவில் வலி கூடினால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடலாம்.

குணமாகி, மருத்துவர் அனுமதித்த பிறகு புது லென்ஸ், புது டப்பா. குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது; பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றக் கூடாது. 1991-ஆம் ஆண்டு கண்ணொளியியல் சட்டப்படி, பவர் இல்லாத நிற லென்ஸானாலும் அதற்குத் தகுதி பெற்றுப் பதிந்தவரிடம்தான் வாங்க வேண்டும், பசார் மாலாம் மேசையில் அல்ல.