பனிச்சுவர் இடிஞ்சு விழுந்தா என்ன அர்த்தம்?

பத்து மாடி உயர ஐஸ் சுவர் ஒன்று சரிந்து கடலில் விழும். கீழே "குளோபல் வார்மிங்" என்று கேப்ஷன். இந்த மாதிரி ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. பனி விழுறது நிஜம்தான், ஆனா அந்த கேப்ஷன் சரியா? அலாஸ்காவின் கிளேசியர் பே தேசியப் பூங்காவில் ஓடுற படகுப் பயணத்தை வைத்தே இதைப் புரிஞ்சுக்கலாம்.

விரிகுடாவின் வாய்ப் பக்கம் இருக்கும் பார்ட்லெட் கோவ்ல படகு கிளம்புது. வழியில் சவுத் மார்பிள் தீவு. பாறை மேல கடற்சிங்கங்கள் கத்திக்கிட்டே கிடக்கும், பஃபின் பறவைகள் சிறகடிக்கும். ஆனா கரையையும் கவனிக்கணும். ஆரம்பத்தில் அடர்ந்த ஸ்ப்ரூஸ் காடு, உள்ளே போகப் போக புதர், கடைசியில் வெறும் பாறை. பனி எந்த இடத்தை விட்டு முதலில் விலகுச்சோ, அங்கே காடு வளர அதிக காலம் கிடைச்சிருக்கு.

1794-ல் வான்கூவரின் குழு வந்தபோது இந்த விரிகுடாவின் பெரும்பகுதி பனிக்கு அடியில் இருந்தது. 1879-ல் ஜான் மியூர் வந்தபோது பனி 60 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916-க்குள் சுமார் 105 கிலோமீட்டர். அதுக்கும் முன்னாடி, 1700-களில், இதே பனி முன்னேறி வந்து ஹூனா டிலிங்கிட் மக்களை அவங்க ஊரை விட்டே துரத்தியிருக்கு. கார்கள் பெருகுறதுக்கு முன்பே பனி இப்படி முன்னும் பின்னும் போயிருக்கு.

காரணம் இதுதான். கடலைத் தொடும் பனியாறு, தன் நுனியில் கல்லும் மண்ணும் தள்ளி ஒரு கரை கட்டிக்கும். அந்தக் கரையில் சாய்ந்து நிற்கும்வரை நிலையா இருக்கும். அதை விட்டு ஆழமான தண்ணிக்குள் பின்வாங்கினா வேகமா உடையும்.

மாடித் தொட்டியை நினைச்சுக்கோங்க. மோட்டார் ஏத்துது, குழாய் இறக்குது. குழாயில் தண்ணி கொட்டுறதை மட்டும் பார்த்து தொட்டி காலியாகுதுன்னு சொல்ல முடியுமா? மலையில் விழும் பனிப்பொழிவு மோட்டார், நுனியில் உடையுறது குழாய். இதே பூங்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பனியாறு உடைஞ்சு விழுந்துக்கிட்டே பல பத்தாண்டுகள் முன்னேறியிருக்கு!

உடையுற பனிக்கு உபயோகமும் உண்டு. மே, ஜூன் மாதங்களில் கடல்நாய்கள் அந்த மிதக்கும் துண்டுகள் மேலதான் குட்டி போடும். ஓர்காக்களிடமிருந்து தப்ப அது ஓரளவு பாதுகாப்பான இடம். அதனால அந்த மாதங்களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பகுதிக்குள் படகுகளுக்கு அனுமதி இல்லை.

அப்போ புவி வெப்பமாதல் பொய்யா? இல்லை. பூங்காவின் பெரும்பாலான பனியாறுகள் இன்று மெலிஞ்சு, சுருங்கிக்கிட்டு இருக்கு. கடலையே தொடாத, கரையில் சாய வேண்டிய அவசியமே இல்லாத பனியாறுகளும் அதில் அடக்கம். அலாஸ்கா இழக்கும் பனியில் பெரும்பகுதி கடலில் இடிஞ்சு விழுறதே இல்லை, கோடையில் மேற்பரப்பில் உருகி ஓடையா ஓடிடுது. அதுக்குச் சத்தம் கிடையாது, ரீல்ஸும் கிடையாது. அடுத்த தடவை யாராவது அந்த வீடியோவை ஃபார்வர்டு பண்ணா, "தொட்டியில் மட்டம் எவ்வளவு?"னு கேளுங்க.