தாத்தாவின் துப்பாக்கி யாருடையது?

வீட்டுப் பரணை ஒழித்தால் என்னென்ன கிடைக்கும்? அரிக்கேன் விளக்கு, பழைய பஞ்சாங்கம், அப்பா விளையாடிய பம்பரம்... அமெரிக்காவில் சில வீடுகளில் பழைய ரிவால்வரே கிடைப்பதுண்டு! "நம்ம முன்னோர் ஒருத்தர் உள்நாட்டுப் போரில் வைத்திருந்தது" என்று பாட்டி சொல்வார். 1861 முதல் 1865 வரை அங்கே வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய போர் அது.

பாட்டி சொல்வது சரிதானா? கண்டுபிடிக்கலாம். ஆனால், அதற்கு முன் ஒரு விஷயம். பரணில் துப்பாக்கியைப் பார்த்த சிறுவர்கள் அதைத் தொடவே கூடாது. பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். அந்தக் காலத்து ரிவால்வரில் கருமருந்தையும் ஈயக் குண்டையும் முன்பக்கமாக அடைப்பார்கள். பின்னால் சின்னத் தொப்பிபோல ஒரு கேப். தீபாவளிப் பொட்டு வெடியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் படாத கருமருந்து நூறு ஆண்டுகள் கழிந்தும் வெடிக்கும். எனவே, துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவர் உள்ளே ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகே ஆராய்ச்சி தொடங்கும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல இதைத் தேய்க்கவும் கூடாது. முத்திரைகள் அழிந்துவிடும்.

பரண்களில் கிடைப்பவற்றில் பிரபலமானது, சாமுவேல் கோல்ட் தயாரித்த 'நேவி' ரிவால்வர். கோல்ட் 1830இல், 16 வயதில், கல்கத்தாவுக்கு வந்த கப்பலில் வேலை பார்த்தவர். கப்பலின் சக்கரம் சுழல்வதைப் பார்த்துத்தான் சுழலும் துப்பாக்கி யோசனை வந்ததாம். பயணத்திலேயே மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார். 1836இல் காப்புரிமை பெற்றார்.

நேவி ரிவால்வரின் குழல் எட்டுப் பட்டை கொண்டது. ஆறு குண்டுகள் நிற்கும் உருளையில் ஒரு கடற்போர்க் காட்சி பொறித்திருக்கும். 1843 மே 16 அன்று டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதிய போர் அது.

அடுத்து எண். நீங்கள் ஜியோமெட்ரி பாக்ஸில் பெயரைக் கீறி வைப்பீர்களே, அதுபோல ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண் உண்டு. குழலின் அடியில், உடற்பகுதியில், விசைக் காப்பில் என்று நாலைந்து இடங்களில் அடித்திருப்பார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் பாகங்கள் மாறவில்லை என்று பொருள். போர் தொடங்கியபோது எண் ஏறக்குறைய ஒரு லட்சம். இரண்டு லட்சத்தைத் தாண்டிய எண் என்றால், போர் முடிந்த பிறகு செய்தது. பாட்டியின் கதை அங்கேயே ஆட்டம் காணும்!

இன்னொரு சிக்கல். 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியில் இதன் நகல்களைச் செய்து விற்றார்கள். கப்பல் படத்தைக்கூட விடவில்லை. நகல் பரணில் ஐம்பது வருடம் கிடந்தால் அதுவும் கிழடு தட்டிவிடும். ஆனால், இத்தாலியச் சோதனை நிலையத்தின் நட்சத்திர முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். உடற்பகுதி பித்தளையாக இருந்தாலும் சந்தேகம்தான். கோல்ட் நேவியின் உடற்பகுதி இரும்பு.

அதற்காகப் பித்தளையைக் கண்டதும் 'போலி' என்று ஒதுக்கிவிடாதீர்கள்! போரில் தென் மாநிலங்களுக்கு இரும்பு கிடைப்பது கஷ்டமாக இருந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் கிரிஸ்வோல்ட் என்பவர் பருத்திக்கொட்டை நீக்கும் இயந்திரம் செய்த தன் ஆலையை ரிவால்வர் ஆலையாக மாற்றினார். பித்தளை உடல், உருண்டைக் குழல், படமில்லாத உருளை. 1862 முதல் 1864 வரை சுமார் 3,700 துப்பாக்கிகள் அங்கே தயாராயின. செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின அடிமைகள். தங்களை அடிமையாகவே வைத்திருக்கப் போரிட்ட படைக்கு அவர்களே ஆயுதம் செய்ய வேண்டியிருந்தது! 1864 நவம்பரில் வடக்குக் குதிரைப்படை வந்து ஆலையைக் கொளுத்தியது.

அந்தத் துப்பாக்கிகளில் எண் உண்டு. சில ரகசிய எழுத்துகளும் உண்டு. முதலாளியின் பெயரோ, செய்தவர்களின் பெயரோ எதிலும் இல்லை.