அந்தமான் பயணம்: கடலில் இறங்குமுன் ஒரு கணக்கு

பள்ளி ஆண்டுத் தேர்வுகள் நெருங்கும் காலத்தில் எங்கள் அத்திபெலே கிளையில் தவறாமல் எழும் கேள்விகளுள் ஒன்று விடுமுறைப் பயணத்தைப் பற்றியது. தொழிற்பேட்டையில் பணிபுரிவோர், சிறு வணிகர், விவசாயப் பெருமக்கள் எனப் பலரும் அண்மைக் காலமாக அந்தமானைப் பற்றிக் கேட்கின்றனர். அங்குச் செல்ல இந்தியக் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டோ அந்நியச் செலாவணியோ தேவையில்லை. ஆனால், அந்தப் பயணத்தின் நாட்காட்டியைத் தீர்மானிப்பது கடல். அதனைக் கருத்தில் கொள்ளாத திட்டம் பணத்துக்கும் சில வேளைகளில் பாதுகாப்புக்கும் ஊறு விளைவிக்கும். எனவே, காலம், நாள், நிதி, பாதுகாப்பு என்ற வரிசையில் இதனை இங்கு விளக்குகிறோம்.

எப்போது செல்வது?

அந்தமானில் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது. அதன்பின் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ள, நவம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் என்று உறுதி கூற இயலாது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களே கடல் விளையாட்டுகளுக்கு ஏற்றவை. கர்நாடகத்தில் தசரா விடுமுறை பெரும்பாலும் அக்டோபரில் அமைவதால், அது மழைக்குள் சிக்கிக்கொள்ளும். டிசம்பர் இறுதியில் கட்டணங்கள் உச்சத்தில் இருக்கும். ஆகவே, பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பொருத்தமானது ஏப்ரல் மாதமே.

நாட்களை எவ்வாறு பிரிப்பது?

தலைநகரான போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது. ஹேவ்லாக் தீவு சுவராஜ் தீவு எனவும், நீல் தீவு ஷஹீத் தீவு எனவும் 2018இல் பெயர் மாற்றப்பட்டன. முன்பதிவுத் தளங்களில் இரு பெயர்களும் புழங்குவதால், சீட்டு வாங்கும்போது கவனம் தேவை.

ஆறு இரவுகள் கொண்ட திட்டம் ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். முதல் நாள் ஸ்ரீ விஜயபுரத்தில் செல்லுலார் சிறையைக் காணலாம். 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட இச்சிறையின் ஏழு கிளைக் கட்டடங்களில் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. இரண்டாம் நாள் காலையில் படகேறிச் சுவராஜ் தீவு சென்று, மாலையில் மேற்கு நோக்கிய ராதாநகர் கடற்கரையில் கதிரவன் மறைவதைக் காணலாம். இந்திய நேரமே அங்கும் பின்பற்றப்படினும், தீவுகள் கிழக்கே அமைந்திருப்பதால் மாலை ஐந்தரை மணியளவிலேயே இருட்டத் தொடங்கும். எனவே நாளை விடியற்காலையிலேயே தொடங்குதல் நன்று.

மூன்றாம் நாள் ஸ்கூபா. நான்காம் நாள் எலிபெண்ட் கடற்கரையில் ஸ்நார்க்கெலிங், அல்லது அலையாத்திக் காடுகளுக்கிடையே காயாக் படகு. ஐந்தாம் நாள் ஷஹீத் தீவு. அங்குள்ள இயற்கைப் பாறைப் பாலத்தை நீர் வற்றும் வேளையில்தான் நெருங்க இயலும். ஓத நேரத்தைத் தங்குமிடத்தில் முன்கூட்டியே கேட்டறிக. ஆறாம் நாள் ஸ்ரீ விஜயபுரம் திரும்பி, ஏழாம் நாள் விமானம் ஏறலாம்.

இவ்வரிசைக்கு இரு காரணங்கள் உண்டு. ஸ்கூபா செய்தவர் உடனே விமானம் ஏறலாகாது. அழுத்தத்தின்கீழ் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான நெறி. அடுத்து, காற்று பலமாயின் படகுகள் நிறுத்தப்படும். கடைசி இரவைச் சிறிய தீவில் கழிப்பவர் விமானத்தைத் தவறவிடும் வாய்ப்பு உண்டு. அப்போது நால்வருக்கும் புதிய சீட்டு வாங்க நேரிடும். ஸ்ரீ விஜயபுரத்தில் கழிக்கும் அந்த ஓர் இரவு, செலவில்லாத காப்பீடு போன்றது.

நம் ஊருக்கே உரிய ஒரு குறிப்பையும் சேர்க்கிறோம். கெம்பேகௌடா விமான நிலையம் பெருநகரின் வடகோடியில் உள்ளது; அத்திபெலேயோ தென்கோடி. காலை விமானத்துக்கு நள்ளிரவு கடந்ததும் புறப்பட வேண்டியிருக்கும். இரு வழிக் கார் வாடகையையும் செலவுப் பட்டியலில் எழுதிக்கொள்க.

பணத்தை எவ்வாறு திரட்டுவது?

நால்வர் கொண்ட குடும்பத்தின் மொத்தச் செலவு 1,20,000 ரூபாய் எனக் கொள்வோம். மாதம் 10,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்பில் செலுத்தினால், ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டியில் ஏறத்தாழ 4,200 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். அதே தொகையை 12 விழுக்காட்டுத் தனிநபர் கடனாகப் பெற்று ஓராண்டில் அடைத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 10,660 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 7,900 ரூபாய். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 12,000 ரூபாய். கடனட்டை நிலுவைக்கு மாதம் 3 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி விதிக்கப்படுவதுண்டு என்பதால், அதனை நிலுவையில் வைத்துப் பயணம் செய்தல் உகந்ததன்று.

ஜனவரியில் வைப்பைத் தொடங்கினால் அடுத்த ஜனவரியில் முதிர்வுத் தொகை கைக்கு வரும். ஏப்ரல் பயணத்துக்கான விமானச் சீட்டை மூன்று மாதம் முன்னதாக வாங்க அது உதவும்.

ஊதியத்தில் விடுப்புப் பயணச் சலுகை பெறுவோர், பழைய வரி முறையைத் தேர்ந்திருந்தால், நான்காண்டுத் தொகுதிக்கு இரு பயணங்களுக்கு, விதிகளுக்குட்பட்டு, வரிவிலக்குப் பெறலாம். இது பயணக் கட்டணத்துக்கு மட்டுமே பொருந்தும். தங்குமிடத்துக்கும் உணவுக்கும் பொருந்தாது. விமானச் சீட்டுகளையும் போர்டிங் பாஸ்களையும் பாதுகாத்து வைக்க.

முன்பணம் செலுத்தும்போது

மிகக் குறைந்த விலையில் ‘முழுத் தொகுப்பு’ என்று கைப்பேசிக்கு வரும் விளம்பரங்களை ஐயத்துடனேயே அணுகுக. நிறுவனத்தின் பெயரில் கணக்கு இல்லாமல், தனிநபரின் யுபிஐ முகவரிக்குப் பணம் கோரினால் செலுத்த வேண்டாம். பணத்தைத் ‘திரும்பப் பெற’ யுபிஐ ரகசிய எண்ணை எவரேனும் கேட்டால், அது மோசடியே. பணம் பெறுவதற்கு அவ்வெண் ஒருபோதும் தேவைப்படுவதில்லை. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடி இழைக் கம்பிவடம் 2020இல் தொடங்கிவைக்கப்பட்டபின் தீவுகளில் இணைய வசதி மேம்பட்டுள்ளது. எனினும், சிறிய தீவுகளில் இணைப்பு துண்டிக்கப்படுவதும், ஏடிஎம்மில் பணம் தீர்ந்துபோவதும் உண்டு. இரண்டு நாள் செலவுக்குரிய ரொக்கத்தைக் கையில் வைத்திருக்க.

பாதுகாப்பும் சட்டமும்

ஸ்கூபா அறிமுகப் பயிற்சிக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பொதுவாகப் பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அனுமதிப்பதில்லை. ஆஸ்துமா, இதய நோய், காதுக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவ வினாத்தாளில் உண்மையையே எழுத வேண்டும். முன்னதாகத் தம் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். பல காப்பீட்டுத் திட்டங்கள் சாகச விளையாட்டுகளை விலக்கியே வைத்துள்ளன. பத்திரத்தின் விலக்குப் பகுதியைப் படித்து, வேண்டுமாயின் அதனை உள்ளடக்கிய பயணக் காப்பீட்டைப் பெறுக. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் நீரில் இறங்கவே கூடாது.

பவளத்தைக் கையில் எடுத்துவருதல் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பாராட்டங் சுண்ணாம்புக் குகைக்குச் செல்லும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தினூடே செல்கிறது. வழியில் வண்டியை நிறுத்துவதும் படமெடுப்பதும் தண்டனைக்குரியவை. நிக்கோபார் தீவுகளுக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால், அவற்றைச் சேர்த்துத் தருவதாகக் கூறும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

பயணத்தை முடிவு செய்யும் குடும்பத்தினர் செலவுப் பட்டியலுடன் கிளைக்கு வந்தால், தொடர் வைப்பின் காலத்தையும் தவணையையும் அதற்கேற்ப அமைத்துத் தருவோம். கடனின்றிச் சென்று, கடனின்றித் திரும்பும் பயணமே மனத்துக்கு நிறைவளிக்கும்.